நான் சாகிற காட்சி

மார்ச் 4, செவ்வாய்

மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரப் படம். காலையிலிருந்து மாடிப்படி ஏறி ஏறி, வலியே தெரியாதவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உண்மையிலேயே விண்விண் என்றது. அந்தத் தைலத்தையே பூசிப் பார்த்தேன், வலி கேட்கவில்லை.

விளக்குப் போடுகிறவன் ஏணி மேலிருந்து குரல் கொடுத்தான். "ஐயா, முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க. கழுத்துல நிழல் விழுது."

ஐயா! இத்தனை வருஷமாக எனக்கு "அண்ணே"தான். செட்டுக்குள் நுழைந்தால் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் "வணக்கம்ணே" என்று வரும். என்னைவிட மூத்த கேமராமேன்கூட அண்ணே என்றுதான் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் சொன்னான், தெரிகிறது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மேக்கப்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். முதல் படத்திலிருந்து என் முகம் அவர் கையில்தான். "புதுப் பையன்ணே, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் இன்னும் கொஞ்சம் பூசினார்.

கழுத்தில் ஏன் பூசினார்?

மார்ச் 6

மச்சினன் ஒரு டைரக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். என் கால்ஷீட்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான். இப்போது பார்க்க என்ன இருக்கிறது, காலண்டர் வெள்ளைவெளேரென்று தொங்குகிறது.

டைரக்டர் சோபா நுனியில் உட்கார்ந்து கதை சொன்னான். நன்றாகவே சொன்னான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எந்தச் சண்டையை நானே போடலாம், எதற்கு டூப் வைக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி கேட்டேன். கடைசியில்தான் குண்டைப் போட்டான்.

"நீங்கதான் சார் அப்பா."

"யாருக்கு?"

"ஹீரோவுக்கு."

ஹீரோ, இரண்டே படம் ஓடிய ஒரு புதுப் பையன். அப்பா படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறார். "ஆனா உங்க சாவுதான் சார் கதைக்கே உயிர்" என்றான். எந்திரிடா என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். மச்சினன் அவன் பின்னாலேயே ஓடினான், அவனைச் சமாதானப்படுத்தத்தான், என்னை அல்ல.

மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "சாகுறதுக்காவது கூப்பிடுறாங்களேன்னு நெனச்சுக்கோங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் ரசிகையாக இருந்ததில்லை.

மார்ச் 7

அவளிடம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நான் எந்தப் படத்திலும் செத்ததில்லை. ஒரே ஒரு முறை செத்தேன். கடைசிக் காட்சியில் ஆற்றில் குதித்துத் தங்கையைக் கரைசேர்த்துவிட்டு நான் மூழ்கிப்போவேன். முதல் நாள் முதல் காட்சியிலேயே திரையைக் கிழித்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். என் வீட்டு வாசலில் பெரும் கூட்டம், நான் மாடியில் வந்து நின்று கையை ஆட்டிய பிறகுதான் அழுகையை நிறுத்தினார்கள். தயாரிப்பாளர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். அதே வாரம் ஒரு நீச்சல் குளத்தில் என்னை இறக்கி, இருமிக்கொண்டே கரையேறுகிற மாதிரி எடுத்துப் படத்தோடு ஒட்டினார்கள். படம் வெள்ளிவிழா.

இன்று குளிக்கும்போது அது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? செத்துக் காட்டலாமே! அந்தப் பையனின் படத்தில் நான் சாகட்டும். ஜனங்கள் விடுவார்களா? திரை கிழியட்டும். டைரக்டர் என் வாசலில் வந்து உட்கார்ந்து, "எழுந்திருங்க சார், உங்களைப் பிழைக்க வெச்சுடுறேன்" என்று கெஞ்சட்டும். அப்போது சொல்கிறேன், எந்திரிடா என்று.

மச்சினனைக் கூப்பிட்டு, நடிக்கிறேன் என்றேன். "மாமா, நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ஏப்ரல் 22

இன்று செத்தேன்.

காலையில் மேக்கப்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "இந்தக் கையால உங்களுக்குச் சாவுக்களை பூச மாட்டேன்ணே. என்னை விட்டுடுங்க." சரி, விடுங்கள் என்று வேறு ஒருவரை வரச் சொன்னார்கள். அந்த ஆள் பஞ்சோடு என் முகத்தருகே வந்ததும் இவர் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார். "அண்ணன் முகத்தை எவனும் தொடக் கூடாது!" அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரே பூசினார்.

மானிட்டரைப் பார்த்த டைரக்டர் தலையைச் சொறிந்தான். "பிணம் ரொம்ப அழகா இருக்கு சார். கொஞ்சம் குறைக்கணும்."

இரண்டு முறை குறைத்தார். அப்போதும் உயிரோடு இருக்கிற நாளைவிட அழகாகத்தான் இருந்தேன்.

மகனிடம் பேசிவிட்டுச் சாகிற மாதிரி ஒரு பக்க வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஒரே பார்வைல போயிடுறீங்க சார், அதான் கிளாஸ்" என்று முழுதையும் வெட்டிவிட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து ஒரு பார்வை பார்த்தேன். ஒரே டேக்கில் ஓகே. யாரும் கைதட்டவில்லை. சாப்பாட்டு நேரம்.

ஏப்ரல் 23

ஹீரோப் பையன் கேமராவுக்கு வெளியிலும் என்னை அப்பா, அப்பா என்கிறான். "அண்ணேன்னு கூப்பிடு தம்பி" என்றேன். "அது எப்படிப்பா? கேரக்டர் விட்டுப்போயிடும்ல" என்கிறான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஜூலை 30

படம் வெள்ளிக்கிழமை வருகிறது. "மைக் செட்"டுக்கு நானே போன் செய்தேன். தொண்டை அப்படி, அதனால் அந்தப் பெயர். அன்றைக்குத் திரையைக் கிழித்த கூட்டத்தில் முன்னால் நின்றவன், பிறகு என் ரசிகர் மன்றத் தலைவர்.

"படத்துல நான் செத்துடுவேன். நம்ம பசங்ககிட்ட பக்குவமா சொல்லி வை. அவசரப்பட்டு எதையாவது பண்ணிடப் போறாங்க."

"ஐயய்யோ, தலைவரே!" என்றான். மனசு குளிர்ந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. என் பையன் அந்த ஹீரோன்னா உயிரை விடுவான். முதல் ஷோவுக்கு ரெண்டு டிக்கெட் சொல்லிவிட முடியுமா?"

சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதியக் காட்சிக்கு நானும் மேக்கப்காரரும் போனோம். தொப்பி, முகக்கவசம், கடைசி வரிசை. கூட்டம் வெறிபிடித்தால் தப்பிக்க வேண்டுமே என்று டிரைவரைப் பின்வாசலில் நிற்கச் சொல்லியிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் திரையில் வந்தபோது நாலைந்து பேர் தட்டினார்கள். தலையெல்லாம் நரைத்தவர்கள்.

கட்டில் வந்தது. அந்த ஒரே பார்வை வந்தது. செத்தேன்.

அரங்கமே அமைதி. அடடா, அதிர்ச்சியில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கைக்காரன் போனை எடுத்தான். வெளியே தின்பண்டம் வாங்கப் போன யாரிடமோ தணிந்த குரலில் சொன்னான். "சீக்கிரம் வாடி. பெருசு போயிடுச்சு. இனிமேதான் படமே ஆரம்பிக்குது."

அவன் சொன்னபடியே ஆரம்பித்தது. பையன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான், விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் விம்மி விம்மி அழுதார். என் மேக்கப்காரர். எங்களுக்கு முன் வரிசையிலிருந்து ஒருவன் திரும்பி, "சினிமாதானே, பெரியவரே" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"வாங்கண்ணே, போயிடலாம்" என்றார். முன்வாசல் வழியாகவே வந்தோம். முகக்கவசத்தைக் கழற்றினேன், தொப்பியையும் கழற்றினேன். அடுத்த காட்சிக்கு நின்ற கூட்டம் எங்களுக்கு வழிவிட்டது. வயசானவர்களுக்கு விடுகிற வழி.

டேய், நான்தான்டா! உள்ளே செத்தவன் நான்தான்டா, பாருங்கடா!

சொல்லவில்லை. டிரைவர் பின்வாசலிலிருந்து சுற்றிக்கொண்டு வரும்வரை வெயிலில் நின்றோம்.

ஆகஸ்ட் 3

படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். மச்சினன் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

அவள் எதுவும் குத்திப் பேசவில்லை. முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

செப்டம்பர் 18

அதே டைரக்டரின் அடுத்த படம். இதிலும் நான்தான் அப்பா. கதை தொடங்கும்போதே செத்துப்போனவர். படப்பிடிப்புக்கு வரவேண்டியதில்லையாம், சுவரில் மாட்ட ஒரு போட்டோ போதுமாம். பழைய ஸ்டில் ஆகாதாம், இப்போதிருக்கிற முகம்தான் வேண்டுமாம். வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மச்சினன் போனை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றான்.

போட்டோதானே, மேக்கப் எதற்கு என்று யாரும் மேக்கப்காரருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பெட்டியோடு வந்து நின்றார். வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

நெற்றி, கன்னம் எல்லாம் முடித்தார். பஞ்சைப் புதிதாக நனைத்துக்கொண்டு, வேலை மும்முரத்தில் சொன்னார்.

"ஐயா, முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க."

என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. நான் தூக்கிக் காட்டினேன்.