உன் இன்ஜினைக் கழுவியது நான்தான்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், மருமகள், உன் மகள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, அந்த ஜெனரேட்டர் ஷெட் இரைச்சலுக்குள் நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துத்தான் பேனாவைத் திறக்கிறேன். என் முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது, முனகாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். சமையலறைக் குழாய் ஒழுகியதை மருமகளே வாஷர் மாற்றிச் சரிசெய்துவிட்டாள், அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கூடிவிட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறாள், பேசும்போது ஒரு வார்த்தை கேள். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன் வந்தால் உன் மகள் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள், நான் சொல்லப் போவது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

அலமாரி மேல் துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாயே உன் ரிமோட் லாரி, நைட்ரோ என்கிற அந்த எரிபொருளை ஊற்றி ஓட்டுவாயே, அதன் வயிற்றில் இப்போது உன் இன்ஜின் இல்லை. பேட்டரியில் ஓடுகிறது. மாற்றியது உன் மகள். கடிதத்தைத் தூக்கி எறியாமல் முழுசாகப் படி. பேட்டரியில் ஓடுவதெல்லாம் பொம்மை, புகை வந்தால்தான் வண்டி என்று நீ சொன்னது அவளுக்கும் மறக்கவில்லை, அதனால்தான் நீ லீவில் வருகிற நாளை எண்ணி எண்ணி நடுங்கிக்கொண்டிருக்கிறாள். போன தடவை பின் முற்றத்தில் நீ ஓட்டினபோது கீழ் வீட்டுக் கண்டக்டர் ஜன்னலைச் சாத்தினது நினைவிருக்கிறதா? அவருக்கு இளைப்பு. அன்று சாயங்காலம் வரை இருமினார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நீயும் கவனிக்கவில்லை நானும் கவனிக்கவில்லை, இவள் கவனித்திருக்கிறாள். நீ போன பிறகு ஒரு நாள்கூட அதை ஓட்டவில்லை. ஏண்டி என்றால் மனசு இல்லை பாட்டி என்பாள். காரணம் எனக்கே இப்போதுதான் தெரியும்.

செய்த வேலையைச் சொல்கிறேன், உனக்குப் புரியும். இன்ஜினையும் பெட்ரோல் டாங்க் மாதிரி இருந்ததையும் புகைக்குழாயையும் கழற்றினாள். டாங்க் இருந்த இடத்தில் பேட்டரி உட்கார்ந்தது, இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டார் உட்காரமாட்டேன் என்றது. இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டால் முடிந்தது என்று நான்கூடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா வந்து இன்ஜினைத் திரும்ப மாட்டணும்னு சொன்னா மாட்டற மாதிரி இருக்கணும் பாட்டி, அவர் வண்டியில நான் ஓட்டை போட மாட்டேன் என்றாள். இன்ஜினைப் பிடித்திருந்த அதே நாலு ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தகடு, அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்து அளவெடுத்தாள். முதல் தகடு கோணல், இரண்டாவது கனம் போதாமல் வளைந்தது, மூன்றாவது கச்சிதம். லேத் பட்டறைக்காரர் அவள் அளவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார், நான்தான் என்றதும், என்கிட்ட வர்ற ஆளுங்க பாதிப் பேரு கையை அகட்டித்தாம்மா அளவு காட்டறாங்க என்றாராம். அவர் சொன்னதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கேட்காதே.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் வண்டியின் பெரிய பல்சக்கரத்தோடு ரொம்ப நெருங்கவும் கூடாதாம், விலகவும் கூடாதாம். நடுவில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து உருட்டிப் பார்த்தாள், கிழியாமல் பல் மட்டும் பதிந்து வந்தால் சரி. நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான், ஒரு நூல் இடைவெளியின் அருமை எனக்குத் தெரியும். அந்தத் துண்டு என் கடிதத்தாளில் கிழித்தது, இந்தப் பக்கத்தின் ஓரம் மொட்டையாக இருப்பது அதனால்தான். துண்டையும் உள்ளே வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார், எங்கேயாவது ஒரு பல் ஆழமாகவோ மேலோட்டமாகவோ பதிந்திருந்தால் எனக்கு எழுது.

முதல் நாள் ஓட்டினபோது முன்னால் போகச் சொன்னால் விருட்டென்று பின்னால் போய்த் துணி வாளியைச் சாய்த்தது. அப்படித்தான் போக வேண்டும் போலிருக்கிறது என்று நான் கைதட்டினேன். ஐயோ பாட்டி கையை இறக்குங்க என்று தலையில் அடித்துக்கொண்டு, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றினாள், சரியாகிவிட்டது. இப்போது சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும், ஆனால் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கண் சிமிட்டுவதற்குள் போகிறது. கண்டக்டர் படியில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு ரவுண்டு குடு பாப்பா என்று ரிமோட்டுக்குக் கை நீட்டுகிறார், ரிடையர் ஆன மனுஷன், கொடுத்தால் திருப்பித் தருவதில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கழற்றின இன்ஜினைத் துடைத்து வைக்கலாம் என்று சமையலறைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போயிருந்தாள். கரியும் பிசுக்குமாக இருந்ததைப் பார்த்து, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் மூளை என்ன செய்தது தெரியுமா? சோப்புப் பொடி போட்டு, நாரால் தேய்த்து, வெந்நீரில் அலசி, டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன். பளபளவென்று இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அவள் வந்து பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா முதல் சம்பளத்தில வாங்கினது பாட்டி என்று மட்டும் சொன்னாள். பிறகு, உள்ளே தண்ணீர் நின்றால் துருப்பிடித்துவிடும் என்று ஒவ்வொரு திருகாகக் கழற்றி, முடி உலர்த்துகிற மிஷினால் உலர்த்தி, எண்ணெய் போட்டு, துணி சுற்றி உன் மேஜை இழுப்பறையில் வைத்தாள். எல்லாம் சுற்றுகிறது, ஒரு பேரிங் மட்டும் கரகரவென்கிறது.

அதற்கு அவள் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். கழுவினது நான்தான்னு அப்பாகிட்ட சொல்லிடறேன், என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவார், உங்களை ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்புறம் அவருக்குச் சோறு இறங்காது என்கிறாள். கழற்றினதற்கே பயந்து சாகிறவள், என் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொள்கிறாள் ராசா. அவள் கை வேலைக்குப் பெருமைப்படுவதா, இந்தக் குணத்துக்குப் பெருமைப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் அவள் தலையைக் குனிந்து ஆரம்பிக்கும்போது சிரித்துக் கெடுத்துவிடாதே, முழுசாகச் சொல்லவிடு. சொல்லி முடித்ததும் திட்டாதே, மன்னிக்கவும் மன்னிக்காதே, செய்யாத தப்புக்கு என்ன மன்னிப்பு? லாரியை எடுத்து வா, ஓட்டிக் காட்டு என்று கேள், அது போதும்.

ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இரு, போன இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். வரும்போது அந்த அளவில் ஒரு பேரிங் வாங்கி வர மறக்காதே, அவள் அளந்ததைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இன்ஜினைச் சரிசெய்து உன் மேஜையிலேயே அழகாக வைத்துக்கொள். லாரியில் திரும்ப மாட்டாதே. மாட்டலாம், நாலு ஓட்டையும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் மாட்டாதே.

இப்படிக்கு,
டம்ளரோடு உன் இன்ஜினையும் கழுவிக் கவிழ்த்த
உன் அம்மா