மகள் ஊர்த் தண்ணீர்

மேட்தா,
27 மே 1988, வெள்ளிக்கிழமை.

என் மகன் கேவலுக்கு, அப்பா ஜேட்டாராம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. சூரத்தில் உன் முதலாளி இந்தக் கோடையிலாவது கடைக்குள் ஒரு மின்விசிறி மாட்டினாரா? சீரகத்தை விற்றுவிட்டேன். விலையைக் கேட்காதே, நான் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிறேன்.

உன் அக்கா லிச்மாவைப் பார்க்கப் பலோடிக்குப் போய்வந்தேன். மாதம் தவறாமல் எழுதுகிறவளிடமிருந்து ஹோலிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. உன் அம்மா ரொட்டி தட்டும்போதெல்லாம் அடுப்பைப் பார்த்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டில் அவள் நன்றாக இருக்கிறாளா இல்லையா, இது ஒன்றைத் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அதைத்தான் தெரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறேன்.

போன பாட்டைக் கேள். ஜோத்பூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பவேண்டிய பஸ், ஒரு கல்யாணக் கோஷ்டிக்காக எட்டரை வரை நின்றது. என் பக்கத்து ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. அடுப்பு வாய்க்கு எதிரே உட்கார்ந்து போவதுபோல் போனேன். அனல் அடிக்காமலிருக்க உன் அம்மா சட்டைப் பையில் வெங்காயம் போட்டு அனுப்பியிருந்தாள். ஓசியான் தாண்டுவதற்குள் அது பாதி வெந்துவிட்டது.

அங்கேதான் என்ஜின் கொதித்து வண்டி நின்றது. டிரைவர் ஒரு தகர வாளியோடு வந்து எல்லோரிடமும் தண்ணீர் கேட்டான். என் கித்தான் தண்ணீர்ப் பை ஜன்னலுக்கு வெளியே நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது. தரமுடியாது என்றேன். பலோடியில் நான் ஏன் அதை நம்பியிருந்தேன் என்பது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? "தாத்தா, வண்டி குடிச்சா மத்தியானம் பலோடி போய்ச் சேருவோம். நீங்க குடிச்சீங்கன்னா இங்கேயே ஒரு கோயில் கட்டி உங்களை உக்கார வச்சிருவோம்" என்றான். பஸ்ஸே சிரித்தது. நான் வாயை மூடுவதற்குள் என் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போய்விட்டது. எனக்குப் பின்னால் இரண்டு பலோடிக்காரர்கள், வண்டி எத்தனை நிமிஷத்தில் கிளம்பும் என்று ஒரு டீக்குப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேகத்தைப் பார்த்தாலே பந்தயம் கட்டுகிற ஊர், இதை விடுவார்களா?

ஒரு மணிக்குப் போய் இறங்கினேன். தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் நான் கேட்காமலே ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். மகளைக் கொடுத்த ஊர் என்றேன். அவருக்குப் புரிந்தது, நெற்றியில் கை வைத்து வணங்கிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டார். அந்தப் பந்தயக்காரர்களுக்கும் புரிந்துவிட்டது. பெரியவர் அஸ்தமனம் வரை தாங்குவாரா மாட்டாரா என்று அடுத்த டீக்குப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

உனக்கு என்னைத் தெரியும். மகள் வீட்டில் மட்டும் இல்லை, மகள் ஊரிலேயே பச்சைத் தண்ணீர் தொடாதவர் உன் தாத்தா. நானும் அப்படித்தான். கொடுத்த இடத்தில் கை நீட்டக்கூடாது. லிச்மா கல்யாணத்தன்று, "தண்ணி என்ன பாவம் பண்ணிச்சு" என்று நீ கேட்டதற்கு நாலு பேர் முன்னால் உன்மேல் கை ஓங்கினேன். அதற்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

சம்பந்தி பூராராம் நல்ல மரியாதையாகத்தான் வரவேற்றார். வேப்பமர நிழலில் கட்டில் போட்டு, விசிறிவிட ஒரு ஆளையும் வைத்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, பேசினால் சருகு மாதிரி சத்தம் வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கணுமே, பாருங்க" என்றார். பார்த்தார்கள். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது கேவல், பொய் சொல்லமாட்டேன். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

உன் அக்கா வந்தாள். முக்காடு மார்புவரை. கால் தொட்டாள். நல்லா இருக்கியாம்மா என்றேன். நல்லா இருக்கா, அவளுக்கென்ன குறை என்றார் பூராராம். ஏன் கடிதம் இல்லை என்றேன். வீட்டு வேலையில் மறந்துவிடுகிறாள் என்றார். மாப்பிள்ளை லாரியோடு அசாம் பக்கம் போய் இரண்டு மாதம் ஆகிறதாம். மழைக்கு முன்னால் ஒரு மாதம் எங்களோடு இருக்க அனுப்பி வையுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மாள் இருமினாள். நான் கேட்டது எல்லாம் என் மகளை, பதில் எல்லாம் அவர் வாயிலிருந்து.

லிச்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றேன், உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் செம்போடு வந்தாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது போகவில்லை, கட்டில் பக்கத்தில் நின்றாள். "ஒரு வாய் குடிங்க பாபூஜி. கையை ஏந்துங்க, நான் ஊத்தறேன். மெதுவா குடிங்க" என்றாள். அன்று முழுவதும் அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். பூராராம் சிரித்து, உன் அப்பாவை எங்களுக்குத் தெரிந்த அளவுகூட உனக்குத் தெரியவில்லையே என்றார். எனக்கு ரோஷம் வந்தது. "எத்தனை தடவை சொல்றது? எடுத்துட்டுப் போ" என்று நானே என் பெண்ணை அதட்டினேன். அவள் திரும்பினாள். கல்யாணத்தில் எண்ணெய் தடவி ஏற்றிய வளையல்கள், முழங்கை வரைக்கும் தானாக ஓடி, தானாகத் திரும்பி வந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெயிலில் எல்லோரும்தான் இளைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கடைசி பஸ். டீக்கடை வாசலில் ஒருவன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். என்மேல் கட்டி ஜெயித்தவனாக இருக்கும்.

லோஹாவட்டில் பஸ் நின்றது. அது மகள் ஊர் இல்லை. தண்ணீர்ப்பந்தலுக்கு ஓடினேன், ஓட்டம் என்று அதைச் சொல்லமுடியாது. அங்கே ஒரு வயதான பெண்பிள்ளை. நான் குனிந்து கைகளை வாயோடு சேர்த்து ஏந்தினேன், அவள் குனிந்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே என் காதுக்குள் பேசினாள். முழங்கால் வலி, மகன் குடிக்கிறான், பஞ்சாயத்து மூன்று மாதமாகச் சம்பளம் தரவில்லை. நான் குடித்து முடிப்பதற்குள் அவள் குடும்பமே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது.

அப்படியே நின்றுவிட்டேன் கேவல். கண்டக்டர் கத்தினான்.

லிச்மாவுக்கு நான் குடிக்கமாட்டேன் என்று தெரியாதா? சின்ன வயதில் வயலிலிருந்து நான் வந்தால் தண்ணீர் ஊற்ற ஓடிவருபவள் அவள்தான். அம்மாவுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் ஊற்றிக்கொண்டேதான் சொல்வாள். நீ பள்ளிக்கூடம் போகாமல் குளத்தில் கிடந்ததை அப்படித்தான் எனக்குச் சொன்னாள். மருமகள் கிட்டே வரும்போது மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீடு அது. அப்பன் தண்ணீர் குடிக்கிற நேரம் ஒன்றுதான் அவளுக்கு அந்த வீட்டில் பேசக் கிடைக்கும். அதற்காக மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் நான் என் பெருமையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அம்மாவிடம் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, மறுபடியும் பலோடி போகிறேன். குடிக்கப்போகிறேன். மகள் வீட்டில் மோர் குடித்தான் என்பதற்காக, பத்து வருஷமாக நம் ஊர்க் கீம்வாராமைக் கண்டபோதெல்லாம் மோர் புளித்ததா என்று கேட்டவன் நான். இனி அவன் என்னைக் கேட்கட்டும். நீ முதலாளியிடம் என்ன சொல்வாயோ, லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜோத்பூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர். அவள் வருகிறேன் என்று சொன்னால் அழைத்துவர இரண்டு ஆண்பிள்ளைகள் வேண்டும். அன்று உன்மேல் கை ஓங்கியது தப்பு. நேரில் சொல்ல எனக்கு வராது, இதில் படித்துக்கொள்.

உன் அப்பா,
ஜேட்டாராம்.

*

மேட்தா,
28 மே 1988.

சௌபாக்கியவதி மகள் லிச்மாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கும் சம்பந்தி பூராராம்ஜி அவர்களுக்கும், வீட்டில் எல்லோருக்கும் ராம் ராம். அன்று செய்த உபசாரத்தை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு உஷ்ணம் ஏறிப் படுத்துவிட்டேன். வைத்தியர் வந்து நன்றாகத் திட்டினார். இனி எந்த ஊராக இருந்தாலும், யார் வீடாக இருந்தாலும், தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று கட்டளை. வைத்தியர் சொல்லை மீறமுடியாது, சம்பந்தி பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, கேவலோடு வருகிறேன். அவனுக்கு உன்னைப் பார்க்கவேண்டுமாம்.

எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டினேன். யாருக்கு என்று அம்மா கேட்டாள், சொன்னேன். மறுமுனையைப் பிடித்து அவளும் இழுத்துக் கட்டினாள். நன்றாக விறைப்பாக இருக்கிறது.

எனக்கு முன்னைப்போல் மடமடவென்று குடிக்க வருவதில்லை அம்மா. வயதாகிவிட்டது, நெஞ்சில் அடைக்கிறது. செம்பில் கொடுத்தால் சரிப்படாது. நான் கையேந்துகிறேன், நீதான் ஊற்றவேண்டும். ஒரு வாய் குடித்து, நிறுத்தி, மறுபடியும் ஒரு வாய் குடிப்பேன். எவ்வளவு நேரமானாலும் நீ அவசரப்படவேண்டாம், நான் நகரமாட்டேன்.

பகவான் உன்னைக் காக்கட்டும். குடத்தை நிரப்பி வை மகளே, உன் அப்பா தாகத்தோடு வருகிறேன்.

ஜேட்டாராம்.