அறையில் இரண்டு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்
கேமராவாக மாற்றும் பிஸ்கட் டப்பாவுக்குள் எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது. மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன். குளிர்பானக் கேனில் வெட்டிய தகட்டில் துளை போட, மனைவியின் தையல் ஊசியைக் கேட்காமலே எடுத்தேன். இப்போதெல்லாம் எதைத்தான் கேட்டுக்கொள்கிறோம்?

மார்ச் 6
உள்ளே வைத்த போட்டோக் காகிதம் முழுக்கக் கறுப்பு. துளை பெரிதாகிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு
படம் விழுந்துவிட்டது! மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் பிசிறாக. குளியலறையில் சிவப்பு பல்பின் கீழ் நின்று, "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு" என்று கத்திவிட்டேன். யாரைக் கூப்பிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.
இந்தப் போட்டோக் காகிதங்களை வாங்கியது மகள். "லீவு வரட்டும்ப்பா, நாமளே கேமரா செய்யலாம்" என்றாள். லீவுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

மார்ச் 12
"பின்னாடி ரூமைக் காலி பண்ணிடலாங்க. ஒரு டீச்சர் வாடகைக்குக் கேக்கறாங்க" என்றாள் மனைவி.
"அவ ரூமையா? உனக்கென்ன கல்லு மனசா?"
தையல் மிஷின் நின்றது. "நான் அந்தப் பக்கமே போறதில்ல. பூட்டி வச்சு என்ன பண்ணப் போறோம்?" மறுபடி ஓடத் தொடங்கியது.

மார்ச் 13
காலி செய்வதற்குள் அந்த அறையை உள்ளபடியே படம் எடுத்துவிட வேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு. இரண்டு மணி நேரமாவது துளை திறந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு டப்பாவைப் புத்தக அலமாரியில் வைத்துத் துளையைத் திறந்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். பதினொன்றுக்கு ஓடிவந்து மூடினேன். அவள் மிஷினில் இருந்தாள்.
மாலையில் கழுவிப் பார்த்தால் கட்டில் மேல் புகை மாதிரி ஏதோ. கறை என்றுதான் நினைத்தேன். இல்லை – குனிந்த முதுகு, கொண்டை, மடியில் தலையணை. போவதே இல்லை என்றாளே! சும்மா எட்டிப் பார்த்திருந்தால் இதில் விழாது. வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 14
காட்டினேன்.
"திருட்டுத்தனமா என்னைப் படம் புடிச்சீங்களா?" பிறகு மெதுவாக, "நீங்க கெளம்பினதும் தெனமும் போயிடறேன். எந்திரிக்கவே முடியல. அதாங்க காலி பண்ணச் சொன்னேன். இல்லேன்னா நானும் அங்கயே கெடந்துடுவேன்."
இவளையா கல் மனசு என்றேன்? என் வாய் இருக்கே வாய்...

மார்ச் 15
ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 23, ஞாயிறு
மகளின் துணிகளை இருவருமாக மடித்து வைத்தோம். முடித்ததும் அவளே சொன்னாள்: "நாம ரெண்டு பேரும் இருக்கற மாதிரி ஒண்ணு எடுங்க."
கட்டில் ஓரத்தில் இரண்டு மணி நேரம். படத்தில் அவள் புருவம்கூடத் தெளிவு. எனக்கு முகமே இல்லை, வெறும் தீற்றல்.
"நீங்க ஆடிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றாள்.
நான் அழுதது அவளுக்குத் தெரியும். திரும்பினால் படம் கெட்டுவிடுமென்று, நேரே பார்த்தபடி என் கையை மட்டும் பிடித்திருந்தாள்.
டீச்சர் புதன்கிழமை வருகிறார். கட்டிலை அவருக்கே விட்டுவிடலாம் என்றிருக்கிறோம்.