ஹாலில் இருந்த குடைச்செடி

ஜூன் 3, செவ்வாய்

குடைச்செடியில் மூன்று இலை மஞ்சள். எல்லாம் அடி இலைகள். தபால் நிலைய வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

"உன் செடியைப் பார்த்தியா?" என்று கேட்டேன். ரென் சோபாவில் ஹீட்டர் பக்கமாக முகத்தை வைத்துப் படுத்திருந்தான்.

"குளிரு, நொல். அதுவும் என்னை மாதிரி வெயில் ஊர் குவீன்ஸ்லாந்துக்காரன்தானே. ரெண்டு பேருக்கும் இந்த பாலரட் ஜூன் குளிர்காலம் ஒத்துக்காது."

சிரித்தேன். மே மாசம் வேலை பார்க்கும் கான்கிரீட் யார்டில் தோள்பட்டைத் தசை கிழிந்து வீட்டோடு உட்கார்ந்ததிலிருந்து அவன் ஒரு ஜோக்கும் சொன்னதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஹாலில் மட்டும் கதகதப்பு. ஒரு கையை வைத்துக்கொண்டே ரென் போன மாசம் ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் நுரைப்பட்டை ஒட்டிவிட்டான். சுவரில் மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் அட்டை வைத்து அடைத்தான். நான்தான் நச்சரித்தேன், காலில் காற்று படுகிறது என்று.

எனக்குத் தலைவலி. அவனுக்கும். பனடால் மாத்திரை ஆளுக்கு இரண்டு.

மஞ்சள் இலை இப்போது ஆறோ ஏழோ. தண்ணீர் அதிகமோ என்று மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே லேசாக ஈரம். சரியாகத்தான் ஊற்றுகிறான்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு வரும்போது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் நாக்குக் குழறுகிறது. என்னை "கார்லா" என்றான். அவன் தங்கச்சி பெயர். பிறகு பாத்ரூமில் போய் வாந்தி.

அந்த நாக்கு எனக்குத் தெரியும். அவன் குடித்த பதினோரு வருஷம் கேட்ட நாக்கு.

இதை எழுதவே கூசுகிறது. அவன் பாத்ரூமில் இருந்தபோது செடித்தொட்டிக்குக் குனிந்து மண்ணை முகர்ந்தேன். முன்னெல்லாம் நான் வரும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை எங்கேயாவது கொட்டுவான் — சிங்க், பூந்தொட்டி, ஒருதடவை என் பூட்ஸுக்குள். செடி மஞ்சளாவது அதனால்தானோ?

மண் வாசனைதான் அடித்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அவன் சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தபோது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். வேர் அழுகியிருந்தால் கறுத்து, கொழகொழவென்று நாறும். இது வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. டார்ச் அடித்து இலைக்கு அடியில் தேடினேன். செதில்பூச்சி இல்லை, சிலந்திப்பேன் இல்லை, மாவுப்பூச்சியும் இல்லை. போன வசந்தத்தில்தான் மண் மாற்றி உரம் வைத்தான்.

திரும்ப வைக்கும்போது நான்கு இலை கையோடு வந்தது. மஞ்சள் இல்லை, நல்ல பச்சை. தொட்டதும் காம்போடு கழன்று விழுகிறது. பழுத்த இலை விழலாம், பச்சை இலை ஏன் விழவேண்டும்?

இந்தச் செடி அவன் குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த அன்று வழியில் இறங்கி வாங்கியது. ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், முதலிலேயே நாய் வேண்டாம், செடி போதும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து ஒரு இலையைக்கூட வாடவிட்டதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

டாக்டரிடம் போய்விட்டு வந்தான். வைரஸாம். ஓய்வெடு, கதகதப்பா இரு என்றாராம்.

ஜூன் 20, வெள்ளி

ஷெட்டில் தேடினேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், புல்வெட்டும் மெஷினுக்கு அடியில், டூல் பெட்டியில். திரும்பினால் வாசலில் நிற்கிறான். சாக்ஸ் காலோடு, அந்தக் குளிரில்.

"கிடைச்சுதா?"

டூல் பெட்டியை மூடினேன்.

"காபி கப்பையும் மோந்து பார்த்த, காலைல. பார்த்தேன்."

"அப்ப என்னன்னு சொல்லு ரென். தலைவலி, வாந்தி, சாயங்காலம் ஆனா பேச்சு குழறுது. நான் என்னன்னு நினைக்கிறது?"

"எனக்குத் தெரியல. குடிக்கல. அவ்வளவுதான் தெரியும்."

"முன்னாடியும் இதையேதான் சொன்ன."

சொல்லியிருக்கக்கூடாது. ஆனா முன்னாடி அதையேதானே சொன்னான்? அதே குரல், அதே மூஞ்சி. நான் என்ன பண்ணட்டும்?

ஜூன் 21, சனி

பேச்சு இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

செடியை ஜன்னல் ஓரம் நகர்த்தினேன், வெளிச்சம் போதவில்லையோ என்று. புதுத் துளிர் ஒன்று வந்து கீழ்ப்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது. உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை பாக்கி.

ரென் அதைப் பார்த்தான். "என்னால அதைக்கூட பார்த்துக்க முடியலைன்னு நினைக்கிற, இல்ல?" என்றான். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நான் தேநீர் போட எழுந்துபோனேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கார்லா ஜீலாங்கிலிருந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். இன்று கொண்டுவந்து விட்டாள். முகத்தில் நிறம் இருக்கிறது.

"வந்த அன்னிக்கு ராத்திரியே தலைவலி போச்சு. ரெண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டான், ஒத்தைக் கையால என் கேட்டைச் சரி பண்ணான். இங்க அவனை என்னடி பண்ற?" என்று சமையலறையில் கேட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே இவள் பக்கத்திலேயே இருந்தாள், குடிக்க வழியில்லை, அதனால் தெளிந்தான். அப்படித்தானே கணக்கு வருகிறது?

ஜூன் 30, திங்கள்

திரும்பவும் தலைவலி அவனுக்கு. ஒரே நாளில்.

துணி துவைக்கும் அறையில் மெஷின் போடும்போது ஜன்னல் மேடையில் இருந்த குட்டிச்செடியைக் கவனித்தேன். பெரிய செடியிலிருந்து கிளை வெட்டி அவன் போன வருஷம் நட்டது. அதே மண், அதே குழாய்த் தண்ணீர், ஊற்றுவதும் அவன்தான். அந்த அறையில் ஹீட்டர் கிடையாது, ஜன்னல் சரியாக மூடாது, மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர். குட்டி பளபளவென்று பச்சை.

குளிர் காரணமில்லை என்றால் எது?

குட்டியைத் தூக்கிவந்து ஹாலில் பெரியதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

குட்டியிலும் இலை தொங்குகிறது. இரண்டு மஞ்சள். ஒன்று பச்சையாகவே விழுந்து கிடந்தது.

எனக்கும் ரொம்பத் தலைவலி. நாளைக்கு யோசிக்கிறேன்.

ஜூலை 5, சனி — ஆஸ்பத்திரி

ராத்திரி தூங்கவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று கவுன்ட்டரில் ஒரு பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்கு ஒட்டுகிறது, மனசு குட்டிச்செடியிலேயே. அந்த அறையில் இல்லாதது ஹாலில் என்ன இருக்கிறது? டிவி, சோபா, ஹீட்டர். ரென். வேலைக்கு வந்தால் எனக்குத் தலைவலி விட்டுவிடுகிறது. சனி ஞாயிறு வீட்டில் இருந்தால் திரும்ப வருகிறது. ஜீலாங் போனால் ரென்னுக்கு விட்டுவிடுகிறது. நானும் குடிக்கவில்லை, செடியும் பீர் குடிக்கவில்லை. மூன்று பேருக்கும் பொதுவாக அந்த அறையில் இருப்பது காற்றுதான். நுரைப்பட்டையால் இடுக்கு விடாமல் அடைத்த காற்று. நடுவில் நாள் முழுக்க எரியும் கேஸ் ஹீட்டர்.

டேப் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் ஷீனாவிடம் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள் என்று சொன்னேனா, சொல்லாமலே ஓடினேனா, ஞாபகமில்லை.

சோபாவில் கிடந்தான். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பொரித்திருக்கிறான். கன்னத்தைத் தட்டினேன். கண் பாதி திறந்தது, என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து போட்டேன், ஹீட்டரை நிறுத்தினேன். அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். கிழிந்த தோள் அது, வலித்திருக்கும், ஒரு சத்தம்கூடப் போடவில்லை. போடுடா, கத்துடா, ரென், கத்துடான்னு நான்தான் கத்திக்கிட்டே இழுத்தேன். வராந்தாவில், அந்தப் பனிக்குளிரில், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

கார்பன் மோனாக்சைடு. எனக்கும் ரத்தத்தில் இருக்கிறதாம், அவன் அளவுக்கு இல்லை. ராத்திரி முழுக்க அவனுக்கு ஆக்சிஜன் மாஸ்க். காலையில் என்னை அடையாளம் தெரிந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர்தான் ரிசல்ட்டைப் படித்துக்கொண்டே வந்து, "ஆல்கஹால் சுத்தமா இல்லை" என்றார், சும்மா வரிசையில் ஒன்றாக. மாஸ்க்குக்கு மேலே ரென்னின் கண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

ஜூலை 7, திங்கள்

கேஸ் ஃபிட்டர் வந்தார். ஹீட்டரைத் திறந்து காட்டினார், உள்ளே கரி. சமையலறை ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே புதுக் காற்று வர இடுக்கே இல்லை, அதனால் மேலே போகவேண்டிய புகை குழாய் வழியாகத் திரும்ப ஹாலுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. கேஸை அடைத்து, தொடக்கூடாது என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டார்.

செடியைக் காட்டிக் கேட்டேன். "உங்களைப் படுக்க வச்ச வாயு வேற, அதை உதிர வச்ச வாயு வேற. சரியா எரியாத நெருப்புல ரெண்டும் வரும்" என்றார். அப்புறம் குட்டியையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதிர்ஷ்டம்தாங்க" என்றார்.

எந்த அதிர்ஷ்டம்? ஒரு மாசமாகச் செடியும் ரென்னும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஜூலை 9, புதன்

டிஸ்சார்ஜ். காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னான், கோபமே இல்லாமல்:

"செடிக்கு என்னன்னு பார்க்க வேரைத் தோண்டிப் பார்த்த. எனக்கு என்னன்னு பார்க்க ஷெட்டைத் தோண்டின."

வண்டியை எடுக்க முடியவில்லை.

புது ஹீட்டர் வரும்வரை கார்லா வீட்டில் இருக்கிறானாம்.

ஜூலை 13, ஞாயிறு

நுரைப்பட்டையெல்லாம் உரித்தேன். துவாரத்து அட்டையையும். இரண்டு செடியும் இப்போது துணி துவைக்கும் அறையில். பெரியதில் மொட்டைத் தண்டுகளை, கீறினால் உள்ளே பச்சை தெரியும் இடம் வரைக்கும் வெட்டிவிட்டேன். இலை இல்லாததால் தண்ணீரும் அதிகம் வேண்டாம், மண் நன்றாகக் காய்ந்தபிறகு ஒரு கப். உரம் இப்போதைக்கு இல்லை. மஞ்சளான இலைகளைக் கிள்ளினேன், அவை திரும்பப் பச்சையாகப் போவதில்லை.

வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

புது ஹீட்டர் மாட்டியாயிற்று. கரண்ட்டில் ஓடுவது. போனில் சொன்னேன். "நல்லது" என்றான்.

வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜீலாங் போனேன். கார்லா எங்களை வராந்தாவில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். கடைக்கூடையை எடுத்துக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. "உன்னை நம்பல. தப்பு பண்ணிட்டேன்." அவ்வளவுதான் வந்தது.

"பயந்திருந்த. தெரியும்."

"ம்."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நொல். ராத்திரி தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனோன்னு. நானே ஒருதடவை அந்த ஷெட்ல தேடினேன்."

இதை அவன் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை.

"நீ மன்னிப்புக் கேட்டதும் நான் பையைத் தூக்கிட்டு வந்துடணுமா?"

"வேண்டாம்."

"சரி. செடி எப்படி இருக்கு?"

"குச்சியா நிக்குது."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றும் குச்சிதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெட்டிய இடத்துக்குக் கீழே, கணுவில், பட்டாணி அளவுக்குப் பச்சை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டு இடத்தில். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன், எதுவும் எழுதாமல்.

பதில் வந்தது: "சும்மா சும்மா தண்ணி ஊத்தாத. விடு."

செப்டம்பர் 20, சனி

நேற்று சாயங்காலம் வந்துவிட்டான். கார்லா பையை வாசலில் வைத்துவிட்டு உடனே போய்விட்டாள். ஹால் முழுக்க நடந்தான், ஜன்னலைத் திறந்து பார்த்தான், மூடினான். சோபாவில் உட்காரவில்லை, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். நானும்.

இன்று காலையில் காபி கப்பை அவனே கழுவிக் கவிழ்த்துவைத்தான், நான் எழும் முன்னால். எனக்கு வலித்தது. வலிக்கட்டும்.

அக்டோபர் 4, சனி

பெரிய செடியில் முதல் இலை விரிந்துவிட்டது. சின்னக் குடை, மெழுகு தடவின மாதிரி. ரென் தொட்டியை அரைத் திருப்பு திருப்பிவைத்தான். ஹாலுக்குக் கொண்டுபோகலாமா என்றேன். "அவசரம் என்ன" என்றான்.

அக்டோபர் 18, சனி

ரென் காலையில் கதவுக் கீல் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனான். அரைமணி நேர வேலை. நான் துணி காயப்போட்டேன், சூப் வைத்தேன், ஷீனாவுடன் போனில் பேசினேன். அவன் வரும்போது நாலு மணியாகிவிட்டது. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"சூப் இருக்கா?"

"இருக்கு. சுட வச்சுக்கோ."

சாப்பிட்டுவிட்டுக் கீலை மாட்டப் போனான். எங்கே இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.