சிவப்பென்றால் இரு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் ரெண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். நீ உண்டாகியிருக்கிறாய் என்று அத்தான் சொன்னதும் ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து! ஆனால் பசையின் ஆவி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. உங்கள் செருப்புப் பட்டறையில் பசை தடவுவது நீதானே?

பட்டறையை மூடு என்று இந்த முறை சொல்லமாட்டேன். போன தடவை சொன்னதற்கு, "நாலெழுத்து படிச்சுட்டா எங்க சோறு நாறுதா?" என்று கேட்டாய். நானும் பிளாஸ்டிக் உறை கழற்றாத உன் புது சோபாவிலிருந்து சரக்கென்று எழுந்து வந்துவிட்டேன்.

இத்துடன் இருப்பது நானே செய்த பிலிம். மெல்லிய பிளாஸ்டிக்கில் நிக்கல் சேர்ந்த சாயம். பசையிலிருந்து கிளம்பும் ஆவி அதிகமானால் பச்சையாகும்; நல்ல காற்றுப் பட்டால் மறுபடி சிவக்கும். தெரு சிக்னலுக்கு நேர் எதிர்: சிவப்பென்றால் இரு, பச்சையென்றால் ஓடு. பசை மேஜைக்குப் பக்கத்தில் மாட்டு. நம் இருவரில் யார் சரி என்று அதுவே சொல்லட்டும்.

உன்,
வாலு

மார்ச் 19

என் வாலுக்கு,

வாந்தி குறைந்திருக்கிறது. தலைவலிதான் விடமாட்டேன் என்கிறது. உன் பிலிம் பசை டப்பாவுக்கு நேர் மேலே தொங்குகிறது. மாட்டிய நாளிலிருந்து தக்காளிச் சிவப்பு! "உன் தங்கச்சியே நமக்கு சர்டிபிகேட் குடுத்துட்டா" என்று உன் அத்தானுக்கு ஒரே சிரிப்பு. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் சொல்லித்தான் காட்டுகிறேன்.

சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினோம். அப்போதும் நிறம் மாறவில்லை. அந்தத் தைரியத்தில் சாயங்கால வேலையையும் நானே பார்க்கிறேன்.

நீ பாடுபட்டுச் செய்ததில் கறை படக்கூடாதே என்று, வந்த அன்றே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிவிட்டேன். பளபளவென்று இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 23

அக்கா,

லேமினேட்டா! உன்னை என்ன செய்வது! உன் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கரண்ட் பில் வரை லேமினேட் பண்ணியவள் நீ. எனக்குத்தான் புத்தி வேண்டும்.

அந்தப் பிலிமின் மூக்கைப் பொத்திவிட்டாய். ஆவி உள்ளே போனால்தானே நிறம் மாறும்? அதன் சிவப்புக்கு அர்த்தமே இல்லை. போனை நீ எடுக்கவில்லை. பட்டறைச் சத்தத்தில் அத்தானும் எடுக்கவில்லை. அதனால் புது பிலிமைக் கூரியரில் அனுப்புகிறேன். உறை போடாதே, துடைக்காதே, அழுக்காகட்டும். மாட்டிவிட்டு உடனே வெளியே வந்து நில். என்னைத் திட்டிக்கொண்டாவது வெளியே நில். பயமாக இருக்கிறது அக்கா.

வாலு

ஏப்ரல் 6

என் செல்ல வாலுக்கு,

புது பிலிமை மாட்டினோம். டீ ஆறுவதற்குள் பச்சை. டம்ளரைக் கீழே வைத்த உன் அத்தான் அதை மறுபடி எடுக்கவே இல்லை. "நீ வெளிய போ" என்றார், அவ்வளவுதான். மறுநாளே பசை மேஜை கொல்லைப்புறக் கூரைக்கடியில் போய்விட்டது. உள்ளே காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி. பசை இப்போது அவர் வேலை, முகமூடியோடு. எனக்குத் தையல் மட்டும்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "குழந்தை நல்லா வளருது, துடிப்பும் நல்லா இருக்கு. இனிமே பசை பக்கமே போகாதீங்க" என்றார். அந்தப் படுக்கையிலேயே அழுது தீர்த்தேன். தலைவலி போன இடம் தெரியவில்லை. நீ மட்டும் அந்தக் கூரியரை அனுப்பாமல் இருந்திருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

ஸ்கேன் படத்தையும் லேமினேட் பண்ணப் போனேன். "சூடு பட்டா கறுத்துடும்மா" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிரிக்காதே. பிலிம் தூசியும் விரல் ரேகையுமாகச் சுவரில் தொங்குகிறது. கை துறுதுறுக்கிறது; துடைக்கவில்லை. இப்போது எந்நேரமும் சிவப்புதான்.

நேற்று சோபா உறையையும் கிழித்து எடுத்துவிட்டேன். நல்ல சிவப்புத் துணி அது. சிவப்பென்றால் இரு என்று நீதானே எழுதினாய்? வந்து இரு.

உன் அக்கா