அப்பா முகத்தில் இருந்த புள்ளிகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். வல்லம் வடகால் தொழிற்பேட்டை லாரிகளின் புழுதி எங்கள் ஃபோட்டோ கடைக்குள் வரை. ஸ்கேனர் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாயிற்று.

ஓரகடத்தில் ஃபிலிம் கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். இன்று ஒருவன் வந்தான். கருப்பு வெள்ளை நெகட்டிவ், ஒரே ஒரு துண்டு. இறந்துபோன அப்பாவின் படம். மறைமலை நகரில் புது வீடு கட்டியிருக்கிறானாம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறான். ஹாலில் மாட்ட நாலடி உயரத்தில் பிரிண்ட்.

பெயர் பிரபாகர் என்றான். சொல்லவே வேண்டியதில்லை. உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வேலு வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர். பிரஸ் மெஷினில் அவருக்கு வலது கையில் மூன்று விரல் போனபோது, பாதுகாப்புக் கதவை வேலுவே கழற்றிவிட்டார் என்று விசாரணையில் சொன்னவன். லைன் வேகமாக ஓட வேண்டும் என்று கழற்றச் சொன்னதே இவன்தான். அவர் வேலையும் போயிற்று. அன்று கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் காரில் போனான். பார்க்கவில்லை.

இன்றும் அடையாளம் தெரியவில்லை. "இந்தப் புள்ளி புள்ளியா வருமே, அது இருக்கக் கூடாதுங்க. மொபைல்ல எடுத்த மாதிரி கிளீனா வேணும்."

சனிக்கிழமை வரச் சொன்னேன். வேலு ஃபிரேம் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். வந்த பிறகும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மழை இருட்டிக்கொண்டு வந்து, பெய்யாமல் போயிற்று.

பிரபாகர், இனி பி. போதும். அவன் நெகட்டிவ் ரொம்ப மெல்லிசு. வெளிச்சம் போதாமல் எடுத்தது. நிழலைக் கொஞ்சம் தூக்கினாலே கிரெய்ன் என்கிற புள்ளி மணல் மணலாகக் கிளம்புகிறது. ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி ஆஃப். அது கலருக்குத்தான், இதில் போட்டால் படத்தையே தூசி என்று நினைத்துத் தின்றுவிடும். கூர்மையாக்கும் ஷார்ப்பும் ஆஃப். ஒரே படத்தைப் பல தடவை ஓட்டி எடுத்தேன்.

முகம் வந்தது. ஐம்பது வயதிருக்கும். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. எது தழும்பு, எது கிரெய்ன் என்று பிரிக்க முடியாதபடி.

சரியாகச் செய்வதானால்: முகத்துக் கிரெய்னைத் தொடக் கூடாது. பின்னால் சுவரில் மட்டும் லேசாக அடக்க வேண்டும். பிரிண்ட் அளவுக்குப் பெரிதாக்கிய பிறகு கண்ணுக்கு மட்டும் துளி கூர்மை. பளபளக்காத மேட் தாள். தள்ளி நின்று பார்த்தால் புள்ளி தெரியாது, ஆள் தெரிவார்.

இவனுக்குச் சரியாகச் செய்ய எனக்கென்ன தலையெழுத்து?

ஜூலை 10, வியாழன்

பால், பச்சை மிளகாய். கேஸ் புக் பண்ண வேண்டும்.

முதலில் தோன்றியது, ஷார்ப்பை ஏற்றி மூஞ்சியை உப்புத்தாள் ஆக்குவது. வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடுவான். அவன் கேட்டதையே கொடுப்பதுதான் சரி.

கிரெய்னை நீக்கும் அளவைக் கடைசி வரை ஏற்றினேன். புள்ளி போனது. தழும்பு போனது. கண்ணோரச் சுருக்கமும் போனது. துணிக்கடை பொம்மை. ஆயுசுக்கும் அதை அப்பா என்று கும்பிடட்டும்.

இவ்வளவு நிம்மதியாக வேலை செய்து ரொம்ப நாளாயிற்று.

வேலு எட்டிப் பார்த்தார். "இன்னா இது, ஆளே இல்ல இதுல?" கஸ்டமர் இப்படித்தான் கேட்டார் என்றேன். பொய்யில்லையே.

ஜூலை 11, வெள்ளி

பளபளா தாளில் பொம்மையைப் போட்டாயிற்று. அப்புறம் சரியானதையும் மேட் தாளில் போட்டேன். இரக்கமெல்லாம் இல்லை. எதைக் கெடுத்தேன் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. பார்த்தேன். மேட்டைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்தேன்.

ஜூலை 12, சனி

பி. அம்மாவோடு வந்தான். நான் எதிர்பார்க்கவில்லை. கவுன்டரில் வேலு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பி.யின் பார்வை வேலுவின் கைக்குப் போய், என்னிடம் வந்தது. வேலுவும் என்னைப் பார்த்தார். பளபளா பிரிண்டை எடுத்து விரித்தார்.

சூப்பராக இருக்கிறது என்று பி. அவசரமாகக் கிளம்பப் பார்த்தான். அந்தம்மா நகரவில்லை. கன்னத்தைத் தொட்டுத் தடவிப் பார்த்தது.

"இது யாருடா? உங்கப்பா தழும்பு எங்க? இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லியே."

அழ ஆரம்பித்துவிட்டது. வேறு போட முடியுமா என்று பி. என்னிடம் கேட்டான். தயாராகவே இருக்கிறது என்றேன்.

"தரேன். மெஷின் கதவக் கழட்டச் சொன்னது யாருன்னு உங்க அம்மா முன்னாடி சொல்லிட்டு எடுத்துக்குங்க."

விடு என்றார் வேலு. விடவில்லை. இது அதற்கான இடமில்லை என்றான் பி. என்ன கதவு என்று அந்தம்மா கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வேலு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீ சொன்னியாடா?"

பி. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றான்.

மேட் பிரிண்டை எடுத்து விரித்தேன். அந்தம்மா பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு தானே சுருட்டி எடுத்துக்கொண்டது. பி. வாங்கக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. கார் வரைக்கும் அதுவே தூக்கிக்கொண்டு போனது.

ஜூலை 13, ஞாயிறு

கடை லீவு. இந்நேரம் மறைமலை நகரில் பால் பொங்கியிருக்கும். படத்தை மாட்டினார்களோ என்னவோ.

சாப்பிட உட்கார்ந்தபோது வேலு கேட்டார்.

"என் கைய வெச்சி நீ பேசுன. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் வாயாலேயே வந்ததே, அது போதாதா என்றேன்.

"வேணும்னா நானே கேட்டிருக்க மாட்டனா? பொழுதுக்கும் அதையே நெனச்சிக்கினு இருக்கறது நீதான்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

கேட்டிருக்க வேண்டும்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அப்போதும் நான் அவனைச் சொல்ல வைத்திருப்பேன்.