நிரோத்துக்குக் கிடைத்த கேடயம்

பிள்ளைப்பாக்கம்
24-11-91

அன்பு மகன் செந்தமிழனுக்கு உன் அம்மா காந்திமதி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் மாடும் கன்றும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்பதை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். போன கடிதத்தில் பம்பாய் மழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். மழை இங்கேயும்தான் பெய்கிறது, நான் கேட்டது உன் உடம்பை. ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது, நடவு முடிந்தது, உன் தங்கை அறிவுமதி குன்றத்தூரிலிருந்து வந்திருக்கிறாள், மூன்றாவது தடவையாக முழுகாமல் இருக்கிறாள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

ஊரில் ஒரு பெரிய கூத்து நடந்துவிட்டது. வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். உன் அறையில் கூட இருந்த பையன் அந்த எய்ட்ஸ் நோவில் செத்துப்போனதையும், ஆஸ்பத்திரியில் தொட ஆளில்லாமல் நீங்களே தூக்கிக்கொண்டு போனதையும் போன வருஷம் எழுதியிருந்தாய் அல்லவா. அந்த நோவுக்கு மருந்து கிடையாது, வராமல் பார்த்துக்கொள்ள நிரோத் உறையை விட்டால் வேறு வழியில்லை, நம் ஊர்ப் பக்கம் என்னை மாதிரி இருக்கிற பையன்களுக்கு இதைச் சொல்ல நாதியில்லை, நம் கடையில் சும்மா கிடக்கிற நிரோத் பெட்டியைப் பாண்டுரங்கனுக்குத் திறந்துவிடு அம்மா என்று கேட்டிருந்தாய். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு அழுதேன். அப்புறம் கடையைத் திறந்தேன். நர்ஸ் அமலா இலவசமாகக் கொடு என்று வைத்துவிட்டுப் போன பெட்டி அது. அதுவரைக்கும் அதைத் தேடி வந்தது பலூன் ஊதுகிற பிள்ளைகளும் எலியும்தான். உன் சிநேகிதன் பாண்டுரங்கன் டியூப் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து கட்டுக் கட்டாக எடுத்துப்போக ஆரம்பித்தான். ஏரிக்கரை மதகுகிட்டே அவன் கூட்டாளிகள் சேருகிறார்கள். எல்லாரும் கல்யாணம் ஆகாதவர்கள் என்று நினைக்காதே, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற லாரிக்காரர்களும் உண்டு. பாண்டுரங்கன் அவர்களை உட்காரவைத்து நோவைப் பற்றிச் சொல்லி, நிரோத்தை எப்படிப் போட வேண்டும் என்று வாழைப்பழத்தில் மாட்டிக் காட்டுகிறான். பழம் நம் கடைப் பழம். பாடம் முடிந்த பழத்தை ஒருத்தனும் தின்ன மாட்டேன் என்கிறான், நம் மாடுதான் தின்கிறது. அதற்கு இந்த வருஷம் உடம்பு நன்றாகவே தேறியிருக்கிறது.

இந்த வருஷம் மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்கு அப்புறம், இந்தப் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்துவிடுகிறது. ஒரு நாள் ஏட்டு கோதண்டராமன் சைக்கிளில் ஏரிக்கரைக்கே வந்து, யார்டா நீங்கல்லாம், இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க என்று கேட்டிருக்கிறார். பாண்டுரங்கன் வாயில் என்ன வந்ததோ, பஜனை கோஷ்டி சார் என்று சொல்லிவிட்டான். ஏட்டு, ஸ்ரீபெரும்புதூர் உடையவர் கோயிலுக்குத் தவறாமல் போகிற மனுஷன். அப்படியா, ஒரு பாட்டு பாடுங்க கேப்போம் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன்களில் மாரி என்று ஒருத்தன், பெரிய மீசைக்காரன், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவன் ஏதோ ஒரு சினிமா மெட்டில் கோவிந்தா கோவிந்தா என்று போட்டு இழுத்திருக்கிறான். ஏட்டுக்குக் கண்ணில் ஜலம். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சொந்த ஜால்ராவோடு வந்துவிடுகிறார், பையன்களும் வேறு வழியில்லாமல் நிஜமாகவே பாடக் கற்றுக்கொண்டார்கள். நான் சுண்டலைப் பொட்டலம் கட்டி அனுப்புவேன், மற்றதையும் அதே மாதிரிப் பொட்டலம் கட்டி அனுப்புவேன். ஒரு தடவை ஏட்டு கையில் மாறிப்போய்விட்டது. மறுநாள் கடைக்கு வந்து, இன்னாம்மா, பிரசாதம் மாறிப்போச்சி போல கீதே என்று மெதுவாகச் சொன்னார். திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை கேடயத்தில் வந்தது. சுற்றுவட்டாரத்திலேயே பிள்ளைப்பாக்கத்தில்தான் நிரோத் அதிகம் போகிறதாம், ஆகையால் குடும்பக் கட்டுப்பாட்டில் முன்மாதிரி கிராமம் என்று மேலே எவனோ கண்டுபிடித்து, கேடயம் கொடுக்கப் பெரிய ஆபீசர் வருகிறார் என்று அமலாவுக்குத் தகவல் வந்தது. அந்தப் பெண் சந்தோஷத்தில் கடைக்கு ஓடி வந்து எனக்குக் கேக் கொடுத்தாள். பாவம், அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொரு தகவல் வந்தது. இதே பிள்ளைப்பாக்கத்தில் இந்த வருஷம் என்றைக்கும் இல்லாத அளவு பிரசவம், அது ஏன் என்று விசாரணையாம். விசாரிக்கப்போவதும் அதே ஆபீசர்தான், வரப்போவதும் அதே ஜீப்தான். என்ன கண்ணு சொல்வது, நிரோத் போகிற இடத்தில் பிள்ளை பிறக்கப்போவதில்லை, பிள்ளை பிறக்கிற இடத்துக்கு நிரோத் போவதில்லை. இரண்டும் இரண்டு ஊர் மாதிரி நடக்கிறது, கணக்கு மட்டும் ஒன்று.

ஆபீசர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். நிரோத் உபயோகிக்கிற ஒரு தம்பதியையாவது மேடையில் காட்ட வேண்டும். காட்டினால் கேடயம், இல்லையென்றால் பெட்டியைக் கடையிலிருந்து தூக்கிவிட்டு, இத்தனை நாளாக யார் யார் எடுத்தது என்று ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு விசாரிப்பார். அதைக் கேட்டதும் பாண்டுரங்கன் முகம் வெளுத்துவிட்டது. பேர் வெளியே வந்தால் கம்பெனியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டி போய்விட்டால் அதைவிட மோசம், இப்பத்தாம்மா பயந்து கேக்க ஆரம்பிச்சானுங்க, நாளைக்கு ஒருத்தன் சீக்காளியா வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன் என்று நம் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து தேம்பினான். உன்னை நினைத்துக்கொண்டேன்.

அமலா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். ஒருத்தியாவது ஒப்புக்கொள்ள வேண்டுமே. வருஷத்துக்கு ஒன்று பெறுவதற்கு வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கடைசியில் மாரி வந்து, அம்மா நான் புடவை கட்டிக்கினு பாண்டு பக்கத்துல குந்திக்கிறேன், மீசைய வேணா எடுத்துடறேன் என்றான். மீசையை எடுத்தாலும் உன் குரலை என்ன செய்வது, ஏட்டுக்கு உன் கோவிந்தா மனப்பாடம், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று சொல்லி அனுப்பினேன். அவன் அடுத்த நாள் புடவையோடு வந்து, நல்லாத்தானே கீது என்று ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் போனான். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

உன் நைனா இதையெல்லாம் உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சங்கதி உனக்குத் தெரியாததா. பெண் பார்க்கப் புறப்பட்ட அன்றைக்கு, எனக்குப் பெண்கள் மேல் மனசு போகாது என்று நீ உள்ளதைச் சொல்லிவிட்டு ரயிலேறினாய், அன்றிலிருந்து அவர் உன் பேரை வாயில் எடுப்பதில்லை. உன்னைக் கேட்க வேண்டுமென்றால் ஊரைச் சொல்லித்தான் கேட்பார். பம்பாய்ல இருந்து லெட்டர் வந்துச்சா, பம்பாய்க்கு ஊறுகா அனுப்புனியா, பம்பாய் துன்னுதா இல்லையா. எதிர்வீட்டுக்காரிக்கு நமக்கு அங்கே ஏதோ வியாபாரம் இருக்கிறது என்றே நினைப்பு. அன்றைக்கு எழுந்து வந்து, பொட்டி போனா இன்னா ஆவும் என்று கேட்டார். எனக்கும் இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரம். உன் சிநேகிதன் செத்த கதையை அதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை, அன்றைக்கு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். பெற்றவன் வந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம், உங்கள் மாதிரி ஒரு வீம்புக்காரன்தான் என்றும் சொன்னேன். அவர் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். காட்டிய மாட்டுக்கே மறுபடியும் காட்டினார். திரும்பி வந்து, பம்பாய்க்கும் அந்த நோவு வருமா என்றார். ஜாக்கிரதையாக இருந்தால் வராது, அதைத்தானே அவன் ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்கிறான் என்றேன். அப்புறம், வெள்ள வேட்டி தொவைச்சி கீதா என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. நாமே மேடையில் உட்காரலாம் என்கிறார் என்று புரிந்ததும், இந்த வயதில் இது என்ன கண்றாவி என்று நான்தான் பின்வாங்கினேன். அவர் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மழையில், பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் மேடை போட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த துணிக்குக் கீழே, நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுபோன நானும் பல் போன உன் நைனாவும் முன்மாதிரித் தம்பதியாக மாலையோடு உட்கார்ந்திருந்தோம். கடவுள் வாழ்த்து நம் பஜனை கோஷ்டி. ஏட்டு யூனிபாரத்திலேயே ஜால்ரா போட்டார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆபீசர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார், ஆனால் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துத்தானே ஆக வேண்டும், இந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் இந்த வழியிலேயே நடக்கிறது என்று படித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து உன் தங்கை இரண்டு பிள்ளைகளையும் வயிற்றையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்தாள். அமலா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆபீசருக்குச் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது, மைக்கை உன் நைனா வாய்க்கு நேராகப் பிடித்து, பெரியவரே, இந்த நல்ல பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டார். அமலா சொல்லிக்கொடுத்ததை நைனா மறந்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னார். எம் பையன் செந்தமிழன். பம்பாய்ல கீறான். அவன்தான் எழுதுனான். ஒரு கெட்ட நோவு வந்து கீதாம், இத்த போட்டுக்கினா அது வராதாம், ஆம்பள யாரா இருந்தாலும் யாரோட இருந்தாலும் போட்டுக்கணுமாம். எம் பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆபீசர் பதறிப்போய், நோவுக்கு இல்லை பெரியவரே, குழந்தை வராமல் இருப்பதற்கு என்று திருத்தினார். நைனா அவரை ஒரு பார்வை பார்த்து, எனுக்கு இன்னா கொழந்த பொறக்கிற வயசா, நோவுக்குத்தான் என்றார். சிரிப்பில் கொட்டகைத் தகரமே ஆடியது. பின்னால் பஜனைப் பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை. பாண்டுரங்கன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். நான் மேடையிலேயே அழுதேன், ஊர்க்காரர்கள் வெட்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

ஆபீசர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, மழை வலுக்கிறது என்று கேடயத்தைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். பெட்டி கடையிலேயே இருக்கிறது, அமலா இன்னொரு பெட்டியும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இப்போது லாரிக்காரர்களும் ரோடு போடுகிறவர்களும் நேராக வந்து, நைனா சொன்ன நோவுக்குப் போட்டுக்கிறத குடும்மா என்று கேட்கிறார்கள். பாண்டுரங்கனுக்கு வேலை கூடிவிட்டது, வாழைப்பழமும் கூடுதலாகப் போகிறது. கேடயத்தை நைனா ரேடியோ மேல் வைத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரி வந்து, இன்னாக்கா, மாமன் இப்படிப்பட்டவர்னு தெரியாமப் போச்சே என்று தினமும் வம்புக்கு இழுக்கிறாள். நானும், ஆமாம்டி, உன் வீட்டுக்காரனுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போ என்று கொடுத்து அனுப்புகிறேன்.

முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் தனியாகப் பார்சலில் வருகிறது. முறுக்குக்கு அடியில் காகிதம் சுற்றி வேறொன்றும் வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்காததா என்று சிரிக்காதே, ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தனக்கு என்று வைத்துக்கொள்கிறானா என்பதுதான் என் கவலை. ரத்தம் பரிசோதித்துப் பார்த்தாயா, அதை மட்டும் மழையைப் பற்றி எழுதாமல் நேராக எழுது. எது வந்திருந்தாலும் எழுது. ஒன்றும் இல்லையென்றாலும் வா, இருந்தாலும் வா, இது உன் வீடு. பொங்கலுக்கு வந்தால் அறிவுமதி பிரசவமும் ஆகிவிடும், மாமன் சீர் நீதான் செய்ய வேண்டும். மாரி ஒரு பம்பாய்ப் புடவை கேட்கிறான், ஊதா நிறமாம்.

கவரின் மேல் விலாசம் எழுதியது உன் நைனா. பம்பாய்த் தபால்காரனுக்குத் தமிழ் தெரியாதே என்றேன், தெரிஞ்சவங்கோ படிக்கட்டும், கீழ வேணா இங்கிலீஷ்ல எழுதிக்க என்றார். கீழே பாண்டுரங்கன் எழுதியிருக்கிறான், அதைப் பார்த்துக் கடிதம் வந்து சேரும். நீ மேலே இருப்பதைப் பார். உன் பேரை முழுசாக எழுதி, அதற்கு முன்னால் சிரஞ்சீவி என்று போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, மை காய்கிற வரைக்கும் கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நூறு வயது வாழ்க என்று உன்னை வாழ்த்தும்
உன் அம்மா,
எ. காந்திமதி